ஒட்டாத இலை, ஊன்றிய வேர்

தாமரை இலைத் தண்ணீர் என்னும் உவமையை நாம் இரண்டு இடங்களில் பயன்படுத்துகிறோம். உலகில் வாழ்ந்தும் உலக ஆசைகளில் அகப்படாத பெரியோரைப் போற்றும்போது அதைச் சொல்கிறோம். ஒரே கூரையின் கீழ் இருந்தும் உள்ளத்தால் நெருங்காத கணவன் மனைவியரைக் குறித்து வருந்தும்போதும் அதையே சொல்கிறோம். ஒரே உவமை ஓரிடத்தில் புகழாகவும் மற்றோரிடத்தில் குறையாகவும் அமைவது எப்படி? ஒட்டாமல் இருப்பது நற்பண்பா, அல்லது அன்பின்மைக்கு நாம் இட்டுக்கொண்ட மரியாதையான பெயரா? இந்தக் கேள்வியை நான் நூல்களிலிருந்து பெறவில்லை. என் வீட்டுப் பின்புறக் குளத்தின் கரையில் ஒரு தாமரையை வளர்க்க முயன்றபோதுதான் அது என்னை வந்து பற்றியது. அதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிய ஒரு செய்தியையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றி 2009-இல் ஓய்வு பெற்றவன். பிரிவுபசார விழாவில் பேசியவர்கள் அனைவரும் ஒரே கருத்தைச் சொன்னார்கள். எந்த அணியிலும் சேராதவர், யாரையும் பகைத்துக்கொள்ளாதவர், எவர் விவகாரத்திலும் தலையிடாதவர் என்றார்கள். நானும் மாலையைச் சுமந்தபடி மகிழ்ந்திருந்தேன். விழா முடிந்தபின், எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்ட அலுவலக எழுத்தர் ஒருவர் என்னிடம் வந்து கையைப் பற்றிக்கொண்டார். "நீங்க எப்பவுமே தாமரை இலைத் தண்ணீர்தான் சார்" என்றார். புன்னகையோடுதான் சொன்னார். ஆனால் அந்தப் புன்னகையை என்னால் வீட்டுக்கு எடுத்துச்செல்ல முடியவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதைப் பின்னர் சொல்கிறேன்.

கரையில் ஒரு தொட்டி

ஓய்வு பெற்றவர்களுக்குத் தோட்டம் ஒரு துணை. எங்கள் வீட்டுப் பின்புறம் கிணற்றடியை ஒட்டி, பன்னிரண்டு அடி நீளமும் எட்டு அடி அகலமும் கொண்ட ஒரு சிறு குளத்தைக் கட்டினேன். நடுவில் மூன்றடி ஆழம். கிழக்குக் கரையில் மட்டும் ஓரடி ஆழத்தில் அகலமான படி ஒன்றை அமைத்தேன். தாமரைக்காகத்தான் அந்தப் படி. தாமரை குளத்தின் நடு ஆழத்தில் பிறக்கும் பூ என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் இளங்கிழங்குக்கு ஆழம் ஆகாது. சூரிய வெப்பம் எளிதில் சேரும் ஆழமற்ற கரையோரத்தில்தான் அது கண் விழிக்கும். வலுப்பெற்ற பிறகே ஆழத்தை நோக்கிப் படரும்.

முதல் ஆண்டு நான் தோற்றேன். நல்ல உரம் வேண்டுமென்று எண்ணி, மக்காத சாணத்தை அள்ளித் தொட்டியில் இட்டேன். இரண்டு வாரங்களில் தண்ணீர் கறுத்தது, கிழங்கு அழுகியது. இரண்டாம் ஆண்டும் தோற்றேன். கிழங்கை உருளைக்கிழங்கு போல எண்ணி முழுவதும் மண்ணுக்குள் புதைத்துவிட்டேன். மூன்றாம் ஆண்டு, அருகிலுள்ள ஏரியில் தாமரைப் பூ பறிக்கக் குத்தகை எடுத்திருந்த முதியவரைத் தேடிச் சென்றேன். அவர் இடுப்பளவு நீரில் இறங்கிக் காலாலேயே துழாவி, மூன்று கணுக்கள் கொண்ட ஒரு கிழங்கை எடுத்துத் தந்தார். "படுக்க வச்சு நடுங்க வாத்தியாரய்யா. முனைய மட்டும் மண்ணு மூடிராம பாத்துக்குங்க. முனை போச்சுன்னா எல்லாம் போச்சு" என்றார்.

அவர் சொன்னபடியே செய்தேன். துளையில்லாத அகன்ற தொட்டியின் அடியில் நன்கு மக்கிய எருவைச் சிறிதளவே பரப்பி, அதன்மேல் வயலின் களிமண்ணை நிரப்பினேன். கிழங்கைக் கிடையாக வைத்து, கூரிய வளர்முனையை மண்ணுக்கு வெளியே விட்டேன். அது மிதந்து எழாதபடி அதன் உடலின்மேல் ஒரு தட்டைக் கல்லை வைத்தேன். தொட்டியைக் கரைப்படியில் இறக்கி, மண்ணுக்கு மேல் நான்கு விரற்கிடை நீர் நிற்கும்படி செய்தேன். கொசு பெருகாதிருக்கச் சில கப்பி மீன்களையும் விட்டேன். மாசி மாதம் நட்டது. பத்து நாட்களில் நாணய அளவிலான முதல் இலை நீர்மேல் படிந்தது. முதலில் வரும் இலைகள் நீரின்மீது மிதப்பவை. கிழங்கு வேரூன்றிய பின்னரே நீரை விட்டு மேலெழுந்து நிற்கும் இலைகள் வரும். நீரின் அளவைச் சிறிது சிறிதாக உயர்த்தினேன். உயர்த்த உயர்த்த இலைக்காம்புகளும் நீண்டன. நீர்ப்பூவின் தண்டுக்கு நீரின் ஆழமே அளவு என்று ஊக்கமுடைமையைப் பேசும் இடத்தில் வள்ளுவர் காட்டிய காட்சியை என் கொல்லையிலேயே கண்டேன்.

வைகாசியில் முதல் மொட்டு எழுந்தது. காலையில் மலரும், பிற்பகலில் குவியும், மறுநாள் மீண்டும் மலரும். இப்படி மூன்று நாட்கள். நான்காம் நாள் இதழ்கள் ஒவ்வொன்றாக நீரில் உதிர்ந்து, பொகுட்டு மட்டும் தனியே நின்றது. மூன்று ஆண்டுகளின் உழைப்புக்கு மூன்று நாட்களின் பூ. நான் அதைக் குறையாக எண்ணவில்லை. ஆனால் என் மனத்தைப் பிடித்துக்கொண்டது பூ அன்று, இலை.

இலையின் முகம்

கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த காலையில் அந்த இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர்த்துளிகள் பாதரசம் போல உருண்டுகொண்டிருந்தன. ஓர் இலை காற்றில் சாய்ந்ததும் அதிலிருந்த நீர் முழுவதும் ஒரே உருண்டையாகத் திரண்டு, இலைமீது படிந்திருந்த தூசியையும் வாரிக்கொண்டு கீழே விழுந்தது. இலை ஈரத்தின் சுவடே இல்லாமல் நிமிர்ந்தது. எழுத்தரின் சொல் அப்போது நினைவுக்கு வந்தது.

இலை ஏன் நனைவதில்லை? மென்மையாக, வழுவழுப்பாக இருப்பதால் என்றே நான் நினைத்திருந்தேன். உண்மை அதற்கு நேர்மாறானது. கண்ணுக்குத் தெரியாத அளவில் அந்த இலையின் மேற்பரப்பு கரடுமுரடானது. எண்ணற்ற நுண்ணிய மேடுகளும், அவற்றின்மீது அவற்றினும் நுண்ணிய மெழுகுத் துகள்களும் அங்கே அடர்ந்திருக்கின்றன. நீர்த்துளி அந்த முனைகளின்மேல் மட்டுமே தங்குகிறது. இடைவெளிகளில் காற்று நிறைந்திருக்கிறது. ஆகவே துளி பரவ இயலாமல் உருண்டையாகவே நிற்கிறது. சிறு சாய்வு கண்டாலும் ஓடிவிடுகிறது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவரவியலார் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் அவருடைய சக ஆய்வாளரும் 1997-இல் இதை விரிவாக விளக்கி எழுதினார்கள். இன்று அழுக்கு ஒட்டாத சுவர்ப்பூச்சுகள் செய்வோர்வரை அந்த இலையைப் பின்பற்றுகின்றனர்.

இந்த ஒட்டாமையால் தாமரைக்கு என்ன பயன்? பெரும்பாலான மரஞ்செடிகளுக்கு இலையின் மூச்சுத்துளைகள் அடிப்புறத்தில்தான் மிகுதி. நீரருகே வாழும் தாமரைக்கோ அவை மேற்புறத்தில் உள்ளன. அங்கே நீரும் தூசியும் படிந்து கிடந்தால் துளைகள் அடைபடும். செடி மூச்சுத் திணறும். ஆகவே, தன்னைத் தூயதாகக் காட்டிக்கொள்வதற்காக இலை நீரை உதறவில்லை. மூச்சின் வழி திறந்திருப்பதற்காகவே உதறுகிறது. ஒட்டாமை அதன் வாழ்வின் குறிக்கோள் அன்று; வேறொரு பணிக்கான ஆயத்தம். அந்தப் பணி என்ன என்பதை எனக்குக் காட்டியவள் என் பேத்தி.

இலையின் மூச்சு

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அவளுக்கு இலையின் வித்தையைக் காட்டுவதற்காக, ஒரு குவளை நீரை இலைமேல் ஊற்றினேன். நண்பகல் வெயில். நீர் உருண்டோடி இலையின் நடுக்குழியில், காம்பு வந்து சேரும் வெளிறிய வட்டத்தின்மேல் தேங்கியது. சற்று நேரத்தில் அவள், "தாத்தா, தண்ணி கொதிக்குது!" என்று கூவினாள். குனிந்து பார்த்தேன். தேங்கிய நீருக்குள்ளிருந்து சின்னஞ்சிறு குமிழிகள் இடைவிடாமல் மேலெழுந்துகொண்டிருந்தன. நீர் கொதிக்கவில்லை. இலை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1910-ஆம் ஆண்டிலேயே ஒரு ஜப்பானிய ஆய்வாளர் இந்தக் குமிழிகளைக் குறித்து எழுதியிருக்கிறார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், இலையிலிருந்து கிழங்குவரை செல்லும் காற்றுக் குழாய்களின் அமைப்பை 2006-இல் தெளிவாக விளக்கினர். அவர்கள் வழியாக நான் அறிந்தது இதுதான். குளத்தின் அடிச்சேறு பிராணவாயு அற்ற இடம். அங்கே அழுகல்தான் ஆட்சி செய்கிறது. அந்த இருளில் கிடக்கும் கிழங்கும் வேரும் உயிரோடிருக்க வேண்டுமானால் மேலிருந்து யாரேனும் அவற்றுக்குக் காற்றை அனுப்ப வேண்டும். அனுப்புவது இலை. வெயிலில் காயும் இலையின் உட்புறம் வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருப்பதால் அங்கே சிறிதளவு அழுத்தம் உண்டாகிறது. அந்த அழுத்தம் காற்றைக் காம்பின் நீண்ட குழாய்கள் வழியே கீழே தள்ளுகிறது. கிழங்கின் துளைகளைச் சுற்றி வந்த காற்று வேறு குழாய்களின் வழியே மேலேறி, இலையின் நடுவட்டத்தில் உள்ள பெரிய துளைகளால் வெளியேறுகிறது. சமையலுக்காகத் தாமரைக்கிழங்கை அரிந்தவர்கள் அதன் குறுக்குவெட்டில் வட்ட வட்டமான துளைகளைக் கண்டிருப்பார்கள். அவை அழகுக்காக அமைந்தவை அல்ல, மூச்சின் பாதைகள்.

இன்னொன்றும் உண்டு. சேற்றில் வாழும் செடிகள் பலவற்றின் வேர்கள் தமக்கு வந்த பிராணவாயுவில் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள சேற்றுக்குள் கசிய விடுகின்றன. அவற்றின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் துருநிறப் படலம் ஒன்று தெரியும். சேற்றிலிருந்த இரும்பு, வேர் கொண்டுவந்த காற்றைத் தொட்ட அடையாளம் அது. சேற்றைத் தொடாத தாமரை என்று நாம் பாடுகிறோம். அந்தச் சேற்றின் நடுவே ஓர் இலை இரவல் காற்றை அல்ல, தான் உழைத்து அனுப்பிய காற்றைச் செலவிட்டுக்கொண்டிருக்கிறது என்பதை நாம் பார்ப்பதில்லை.

நான் அன்று குளக்கரையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாமரை இலை என்றவர்களும், அப்படிச் சொல்லக் கேட்டு மகிழ்ந்த நானும், அந்தச் செடியின் மேற்பாதியை மட்டுமே பார்த்திருந்தோம்.

இரண்டு ஒட்டாமைகள்

இங்கே ஒரு தடையை வாசகர் எழுப்பலாம். செடிக்கு அறம் ஏது? அது தன் உயிரைக் காக்கக் காற்றைத் தள்ளுகிறது. சேற்றின்மேல் இரக்கம் கொண்டு அன்று. அதிலிருந்து மனிதனுக்கு ஒரு கடமையை எப்படிப் பெற முடியும்? இந்தத் தடை நியாயமானது. இயற்கையில் நடப்பது எதுவும், நடப்பதாலேயே நமக்குச் சட்டமாகிவிடாது. ஆனால் நான் செடியை ஆசானாக்கவில்லை. செடியைச் சாட்சியாக முதலில் அழைத்தவர்கள் நாம்தான். "தாமரை இலையைப் பார், நானும் அப்படித்தான்" என்று சொல்லி நம் விலகலுக்கு ஒரு நியாயம் தேடினோம். அந்தச் சாட்சியை முழுவதும் விசாரித்தால் அது நமக்கு எதிராகப் பேசுகிறது. நான் சொல்வது அவ்வளவே.

இந்த உவமையை நமக்கு அளித்த பழைய மரபுகளும் நம் பக்கம் நிற்கவில்லை. பகவத்கீதையின் ஐந்தாம் அத்தியாயத்தில் தாமரை இலையும் நீரும் வருகின்றன. அங்கே நீரால் தீண்டப்படாத இலைக்கு ஒப்பிடப்படுபவன் செயலற்றவன் அல்லன். பற்றைத் துறந்து செயலைச் செய்கிறவன். புத்தர் தம்மை நீரில் பிறந்து நீரில் வளர்ந்து நீரால் தீண்டப்படாமல் நிற்கும் தாமரைக்கு ஒப்பிட்டதாகப் பாலி நூல்கள் கூறுகின்றன. அவரோ ஞானம் பெற்றபின் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து, துயருற்றோரிடம் பேசிக்கொண்டே இருந்தார் என்பது மரபு. செயலின் நடுவே நிற்பவர்களுக்காகச் சொல்லப்பட்ட உவமையை, செயலிலிருந்து ஒதுங்கியவர்களாகிய நாம் எடுத்துச் சூடிக்கொண்டோம்.

ஆகவே ஒட்டாமை இரண்டு வகைப்படும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, செயலின் பயன் என்மீது ஒட்டாதிருப்பது. புகழ், நன்றி, பதவி, பழி இவை வந்து விழும். நான் அவற்றைத் தேக்கிவைக்க மாட்டேன். மற்றொன்று, பிறருடைய துயர் என்மீது ஒட்டாதிருப்பது. அது என் கண்முன் நிகழும். நான் அதைக் காணாதவனாகக் கடந்துபோவேன். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. இருவரும் அமைதியாகத்தான் இருப்பார்கள். இருவர் உடையிலும் சேறு தெரியாது. இவற்றைப் பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: என் ஒட்டாமையால் மூச்சு விடுகிறவர் யார்? நான் மட்டும் என்றால், அது பற்றின்மை அன்று, பாதுகாப்பு.

முழுமையாக எதிலும் ஒட்டாத ஒரு பகுதி தாமரையில் உண்டு. அது விதை. அதன் ஓடு நீரையும் காற்றையும் உள்ளே விடாத அளவுக்குக் கடினமானது. சீனத்தின் வடகிழக்கில், லியாவ்நிங் மாநிலத்தில், வறண்டுபோன பழைய ஏரிப்படுகை ஒன்றில் கிடைத்த தாமரை விதை ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் பழைமையானது என்றும், அது முளைத்தது என்றும் 1995-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. வியக்கத்தக்க செய்திதான். ஆனால் அந்த 1,300 ஆண்டுகளில் அந்த விதை ஓர் இலையும் விடவில்லை. ஒரு பூவும் பூக்கவில்லை. கெடாமல் இருந்தது, அவ்வளவுதான். விதையிலிருந்து தாமரை வளர்க்க விரும்புவோர் அதன் ஓட்டை அரத்தால் சிறிது தேய்த்து, உள்ளிருக்கும் வெண்மை தெரிந்தபின் நீரில் இடுவர். காயப்பட்ட இடத்தின் வழியே நீர் புகுந்தால் சில நாட்களில் முளை வரும். காயப்படாதிருப்பதே நம் நோக்கமென்றால் விதையைப் போல நெடுங்காலம் கிடக்கலாம். அதை வாழ்ந்தோம் என்று சொல்ல முடியுமா?

எழுத்தரின் எட்டு மாதங்கள்

இப்போது அந்த எழுத்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1991-ஆம் ஆண்டு. நான் அப்போது பணியாற்றிய பள்ளியில் தேர்வுக் கட்டணமாகத் திரட்டப்பட்ட 2,340 ரூபாய் காணாமற்போயிற்று. பொறுப்பு எழுத்தருடையது. முந்திய நாள் மாலை அந்தப் பண உறையை மூத்த ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்ததாக அவர் சொன்னார். அந்த ஆசிரியர் மறுத்தார். விசாரணை நடந்தது. அன்று மாலை அலுவலக அறையில் இருந்தவன் என்ற முறையில் என்னையும் கேட்டார்கள். உறை கைமாறியதை நான் பார்த்திருந்தேன். மூத்தவர் அதைத் தம் மேசை இழுப்பறைக்குள் வைத்ததையும் பார்த்திருந்தேன். அதன்பின் அது என்னவாயிற்று என்பது எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் பார்த்ததைச் சொல்லவில்லை. "நான் என் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தேன், இந்த விவகாரத்தில் என்னை இழுக்க வேண்டாம்" என்றேன். பொய் சொல்லவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். எழுத்தரின் ஊதியத்தில் எட்டு மாதங்கள் பிடித்தம் செய்தார்கள். பின்னர் அவரைத் தொலைவிலுள்ள ஊருக்கு மாற்றினார்கள்.

நான் ஏன் பேசவில்லை? அச்சம் என்று சொன்னால் பாதி உண்மை. மீதி உண்மை வேறு. எதிலும் சேராத மனிதன் என்ற என் உருவம் எனக்குப் பிடித்திருந்தது. அதில் ஒரு துளி சேறு படுவதையும் நான் விரும்பவில்லை. என் இலை நனையாதிருக்க ஒருவருடைய வேர் மூச்சு முட்டியது.

உலகில் நடக்கும் அநீதி அனைத்துக்கும் ஒருவன் பொறுப்பேற்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது. தாமரையையும் நடு ஆழத்தில் வீசினால் அது பிழைக்காது. அதற்கென்று ஓர் ஆழமற்ற கரை வேண்டும். மனிதனுக்கும் அப்படித்தான். நாளேட்டில் படிக்கும் ஒவ்வொரு துயரிலும் இறங்கினால் நாம் மூழ்கிப்போவோம். ஆனால் ஒவ்வொருவருக்கும் அவர் ஏற்கெனவே நிற்கும் ஒரு கரை இருக்கிறது. அவர் கண்ணால் கண்டது, அவர் காதால் கேட்டது, அவர் சொன்னால் மட்டுமே வெளிவரக்கூடியது. அதுவே அவருடைய கரை. அந்த மாலையில் அந்த அறையில் இருந்தவன் நான். நாட்டின் நீதி முழுவதும் என் தோளில் இல்லை. ஒரே ஒரு வாக்கியம் என்னிடம் இருந்தது. அதைச் சொல்ல வேறு எவரும் இல்லை. பொறுப்பு என்பது நாம் தேடிப் போகும் பெருங்கடல் அன்று. பல வேளைகளில் அது நம் கால் ஏற்கெனவே நனைந்துகொண்டிருக்கும் நீர்.

இலையின் மெழுகுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. உண்மையைச் சொல்பவனுக்கும் ஆபத்துகள் உண்டு. தன்னை நீதிமானாக எண்ணிக்கொள்ளும் செருக்கு, எதிரியை வீழ்த்திய மகிழ்ச்சி, நன்றியை எதிர்பார்க்கும் ஏக்கம் இவை துளித்துளியாக மனத்தில் தேங்கினால் மூச்சின் வழி அடைபடும். அவற்றை உதறத்தான் பற்றின்மை தேவை. சேற்றில் வேரூன்றாதவனுக்கு அந்த மெழுகால் என்ன பயன்?

முனையைப் புதைக்காமல்

சென்ற ஆண்டு மாசியில், மகனின் வீட்டில் வசிக்கும் அந்த எழுத்தரைத் தேடிச் சென்றேன். இப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. மூத்த ஆசிரியர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இறந்தவரைத் தூற்றுவது என் நோக்கம் அன்று. ஆகவே நான் கண்டதையும், கண்டதைச் சொல்லாமல் விட்டதையும் மட்டும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு எடுத்துச் சென்றிருந்தேன்.

அவர் தாளை வாங்கவில்லை. "இப்ப எதுக்கு சார் இது?" என்று கேட்டார். எனக்கு விடை கிடைக்கவில்லை. சற்று நேரம் கழித்து, "அந்த எட்டு மாசமும் வீட்டுல பால் வாங்கல. சின்னவனுக்கு மூணு வயசு" என்றார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி, "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் எழுந்து புறப்பட முனைந்தபோது அவர் என்னை நிறுத்தினார். "பேரன் காலேஜ் விட்டு வரட்டும். அவன் முன்னாடி படிங்க" என்றார். ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அந்த இளைஞன் வந்தான். முப்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பிறகு, என் வாக்கியத்தை நான் உரக்கப் படித்தேன். பெரியவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். படித்து முடித்ததும் தாளை வாங்கிப் பேரனிடம் கொடுத்து, "பொட்டியில வை" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயும் எனக்காகவே எதையோ பெற்றுவரப் போனவனாகியிருப்பேன்.

காலம் கடந்த உண்மைக்கு என்ன மதிப்பு என்று திரும்பும் வழியெல்லாம் எண்ணினேன். பிடித்தம் செய்த பணத்தை அது திருப்பித் தராது. மூன்று வயதுக் குழந்தைக்கு அது பால் வாங்கித் தராது. ஆனால் தன் பாட்டனார் திருடர் அல்லர் என்பதை ஓர் இளைஞன், அதைக் கண்ட ஒருவன் வாயாலேயே கேட்டான். அவ்வளவுதான் என்னால் அந்தச் சேற்றுக்குள் அனுப்ப முடிந்த காற்று. குறைவுதான். நான் அனுப்பாமல் வைத்திருந்த ஆண்டுகளை எண்ணினால் மிகமிகக் குறைவு.

வாசகர்களே, உங்களையும் ஒருவேளை யாரேனும் தாமரை இலைத் தண்ணீர் என்று பாராட்டியிருக்கலாம். அது மெய்யான புகழாகவும் இருக்கலாம். எதற்கும் ஒருமுறை நம் காம்பைப் பின்தொடர்ந்து கீழே சென்று பார்ப்பது நல்லது. அங்கே ஒரு வேர் இருக்கிறதா, அந்த வேரைச் சுற்றி யாரேனும் மூச்சு விடுகிறார்களா என்பதை நம் மனச்சான்று மட்டுமே அறியும்.

என் குளத்தில் தொட்டி நிறைந்துவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் கிழங்குகளை எடுத்துப் பிரித்து நடாவிட்டால் அவை ஒன்றையொன்று நெருக்கிப் பூப்பதை நிறுத்திவிடும். இந்த மாசியில் அதைச் செய்ய வேண்டும். கத்தியால் தோண்டினால் முனைகள் ஒடியும். ஆகவே முழங்கைவரை சேற்றுக்குள் விட்டு, விரல்களால் தடவித் தடவித்தான் எடுக்க வேண்டும்.